நீளச் சரக்கு

வாளையாரில் என் எடைமேடைக்கு முன்னால்
மூன்று நாளாக ஒரு காற்றாலை இறகு படுத்துக் கிடக்கிறது.
வால் தமிழ்நாட்டில், தலை கேரளத்தில் என்று
டீக்கடை ஷாஜகான் சொல்வது பொய்தான்,
ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.
வளைவு திரும்பாது. அனுமதிச் சீட்டில்
ஏதோ ஒரு கையெழுத்தும் இல்லை.
ஓட்டுநர் பன்வாரி அதன் நிழலில் சப்பாத்தி சுடுகிறார்.

அதே வாரம்தான் மேதினியின் ரிப்போர்ட் வந்தது.
ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில்
ஓர் எழுத்து மாறியிருப்பதாகத் தடித்த அச்சில்.
"உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று,
இரண்டும் இவளிடம் சேர்ந்துவிட்டன" என்றார் டாக்டர் லிஜி.
சொந்தத்தில் கட்டியதா என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன்,
மாமன் மகன், பிடிவாதம் பிடித்தது நான்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார்.
குருத்தெலும்பு படத்தில் விழாது.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருட்டாகத்தான் இருக்கும்.
வளர்வது அந்த இருட்டில் என்று
முட்டியருகே பேனா முனையால் தொட்டார்.
அங்கே செல்கள் நாணயம் அடுக்கியதுபோல் நிற்க வேண்டும்,
இவளுடையவை கைதவறிய சில்லறை.
ஒவ்வொன்றும் கொலாஜன் செய்கிறது, குறைவில்லாமல்,
மூன்று இழை முறுக்கிய நீளக் கயிறு.
வெளியே போய்ச் சேர்ந்தால்தான் அது குருத்து.
ஏற்றிப் போகும் குமிழோ சின்னது,
நீளச் சரக்குக்கு அது விரிந்து கொடுக்க வேண்டும்.
விரிய வைக்கும் புரதத்தில்தான் அந்த எழுத்து.
"சரக்கு உள்ளேயே தேங்கி அறை வீங்கிவிடுகிறது,
செல்லுக்கே மூச்சு முட்டுகிறது,
அப்படி வைத்துக்கொள்ளுங்கள்."

வைத்துக்கொண்டேன்.
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டேன்.
கஞ்சிக்கோட்டில் கூட்டம் ஏறியபோது
கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

முட்டை கூடக் கொடுக்கலாமா என்றார் சுரேந்திரன்.
சரக்கில் குறை இல்லை என்றேன்.
பிறகு?
வண்டி.
பதினோரு வருடமாக லாரிக்காரர்களுக்குச்
சீட்டு வாங்கித் தருகிறவர்.
"எந்த ஆபீஸில் பார்க்கணும்?" என்றார்,
உடனே, சட்டையை எடுத்து மாட்டியபடி.

நாலாம் இரவு ஒன்றரை மணிக்கு இறகு நகர்ந்தது.
கம்பியை மூங்கிலால் தூக்கிப் பிடித்தார்கள்,
ஊர்ப்பலகையைப் பிடுங்கிப் படுக்க வைத்தார்கள்,
ஒரு புளியங்கிளையை அறுத்தார்கள்.
விசில், தமிழ் வசை, மலையாள வசை, இந்தி வசை.
மேதினி என் தோளில் விழித்திருந்து
"பைய, பைய" என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
ஓர் இறகுக்கு முப்பது பேர்.
ஒரு செல்லுக்குள் கிளை வெட்ட யார் போவார்?
இந்த உவமை இதற்கு மேல் வராது
என்று அங்கே தெரிந்தது.
வளைவிலேயே இறக்கி வைத்துவிட்டேன்.

காலையில் அவளுக்குத் தலை பின்னினேன்.
மூன்று பிரிவு, மேலே, கீழே, மேலே.
முடிக்கு எந்தத் தடையும் இல்லை, அது பாட்டுக்கு வருகிறது.
இடுப்பைத் தொட்டுவிட்டதே என்று மெச்சுகிறார்கள்.
இடுப்பு பக்கத்தில் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

ரிப்பன் கட்டியதும் காலி மேடையில் போய் நின்றாள்.
பழைய மேடை. நாற்பது கிலோவுக்குக் கீழே
எதையும் ஒப்புக்கொள்ளாது.
"நான் எவ்வளவு?"
கண்ணாடியில் சிவப்பாகப் பூஜ்யம்.
சொல்லவில்லை. அவளே எட்டிப் பார்த்துவிட்டாள்.
குதித்தாள். இன்னொரு தரம்,
வலிக்கும் முட்டியோடு, ஓங்கி.
ஒரு நொடி நாற்பது என்று வந்து போனது.
"பார்த்தியா" என்று சீட்டுக்குக் கை நீட்டினாள்.

அடித்துக்கொண்டிருக்கிறேன்.
வண்டி எண் கட்டத்தில் அவள் பெயர்.
எடை, நாற்பது.
சரக்கு என்ற கட்டத்தில் விரல் நிற்கிறது.
பின்னால் ஒரு தேங்காய் லாரி
ஹாரன் அடிக்கிறது, நகரச் சொல்லி.